இயந்திரத்தில் அகப்பட்ட கைகள்: விபத்துக்குப் பின் நடப்பது என்ன?



நவம்பர் மாதம் வந்தால் சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கும். தை மாதம் வரைக்கும் பழம் பறிப்பதும் தோல் நீக்குவதும் களத்தில் காயவைப்பதுமாக ஏற்காட்டைச் சுற்றியுள்ள தோட்டங்கள் பரபரப்பாய் இருக்கும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820களில் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்த காலம் முதல் இதுவே மலையின் பெரிய வேலைக்காலம். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டாக வேண்டும். நாள் தள்ளினால் பழம் புளித்து, கொட்டையின் ருசி கெட்டுவிடும். ஆகவே பொழுது போன பிறகும் பல்பர் ஓடிக்கொண்டிருக்கும். பகலெல்லாம் மூட்டை சுமந்தவரே இரவில் இயந்திரத்தின் பக்கத்திலும் நிற்பார். தரையெல்லாம் தண்ணீரும் வழுக்குகிற பழத்தோலும் கிடக்கும். குளிரோ கையை மரத்துப்போகச் செய்யும். பழத்தோடு ஒரு குச்சியோ கல்லோ உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்குமுன் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நிறுத்தினால் மறுபடி கிளப்ப நேரமாகுமே என்று கை உள்ளே போகிறது.

மலையில் இருக்கிற இயந்திரங்கள் கொஞ்சந்தான். பல்பர், சில்வர் ஓக் மரங்களைக் கழிக்கிற சங்கிலி ரம்பம், களை வெட்டும் இயந்திரம், மாவு மில் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மலைக் கிராமங்களின் வாலிபர்கள் மலையிலேயே இருப்பதில்லை. நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் போன்ற ஊர்களிலிருந்து பிழைப்புக்காகக் கீழே இறங்குகிறார்கள். சேலத்தைச் சுற்றி விசைத்தறிக் கூடங்களும், கல் உடைக்கும் கிரஷர்களும், எண்ணெய் ஆலைகளும், ஆத்தூர் வரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளும் இருக்கின்றன. மரவள்ளிக் கிழங்கைத் துருவும் உருளையில் முள் முள்ளாய்ப் பற்கள் இருக்கும். கிழங்கு எந்த வேகத்தில் மாவாகிறதோ, அதே வேகத்தில் விரலும் ஆகும்.

இந்த இதழில் அப்படிப்பட்ட காயங்களைக் குறித்தும், முக்கியமாக அவற்றுக்குப் பின்வரும் மாதங்களைக் குறித்தும் எழுத விரும்புகிறோம். விபத்து ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கை இனி உதவுமா உதவாதா என்பது அந்த நொடியில் மட்டும் தீர்மானமாவதில்லை. அதற்குப் பின் போகிற மணி நேரங்களிலும், வீட்டில் கழிகிற மாதங்களிலும், கையெழுத்தாகிற காகிதங்களிலும் அது தீர்மானமாகிறது. இழக்க வேண்டியிராத கைகளை நம் ஜனங்கள் அங்கேதான் இழக்கிறார்கள்.

கவனக்குறைவா?

விபத்து நடந்தவுடன் எல்லாரும் சொல்லும் வார்த்தை, "கவனமாய் இருந்திருக்கலாமே" என்பது. காயப்பட்டவரே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளை நிமிஷத்துக்கு 300 தரம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வேகம் ஒன்றும் அல்ல. அதன் மேற்பரப்பு ஒரு நொடியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை சுமார் 18 சென்டிமீட்டர். விரல் நுனி பிடிபட்டால் முழுக் கையும் உள்ளே போக ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும். வலியோ அபாயமோ மூளைக்குத் தெரிந்து, கையை இழு என்று கட்டளை வருவதற்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆகும். எவ்வளவு கவனமுள்ளவரானாலும் இந்தக் கணக்கை ஜெயிக்க முடியாது.

இதனால்தான் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளியின் கவனத்தை நம்பவில்லை. சுற்றும் பாகங்களுக்கு உறுதியான தடுப்பு இருக்க வேண்டும் என்றது. ஓடும் இயந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ பெண்களையும் சிறுவர்களையும் விடக்கூடாது என்றது. ஓடும் இயந்திரத்தை ஆராய வேண்டியது வந்தால், அதற்கென்று பயிற்சி பெற்றவர், இறுக்கமான உடை அணிந்து செய்ய வேண்டும் என்றது. முந்தானை, பின்னல், வளையல், மோதிரம், தொளதொளத்த சட்டைக்கை ஆகிய ஒவ்வொன்றும் பெல்ட்டுக்கு ஒரு கயிறுதான். பின்னல் சிக்கித் தலைத் தோல் முழுவதும் உரிந்துபோகிற காயம் உண்டு. அதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. வட மாநிலங்களில் கதிரடிக்கும் இயந்திரங்களில் கைகள் போய்க்கொண்டே இருந்ததினால் 1983இல் ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. தடுப்பு இல்லாமல் இயந்திரத்தை விற்பதே குற்றம் என்கிற எண்ணம் அதில் இருந்தது.

ஆனால் தடுப்பை யார் கழற்றுகிறார்கள்? பெரும்பாலும் தொழிலாளியேதான். அடைப்பு எடுக்கத் தொந்தரவாயிருக்கிறது என்று ஒருநாள் கழற்றி மூலையில் வைப்பார்; அது அங்கேயே கிடக்கும். கூலி எடைக் கணக்கில் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு நிறுத்தமும் காசு. அந்தக் கூலி முறையை நிர்ணயித்தவர் அவர் அல்லவே.

முதல் சில மணி நேரங்கள்

ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மலையின் உட்கிராமங்களிலிருந்து ஏற்காடு வந்து சேருவதே தனிப் பிரயாணம். மழைக் காலத்தில் பாறையோ மரமோ பாதையில் விழுந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றிவர வேண்டும். ஆகவே நேரக் கணக்கை மலையிலுள்ளவர்கள் நன்றாய் அறிந்துகொள்வது அவசியம்.

துண்டான விரலில் தசை கிடையாது. எலும்பும் நரம்பும் தசைநாணும் இரத்தக்குழாயும்தான். ஆகையால் அது குளிரில் வைக்கப்படாவிட்டாலும் சுமார் 12 மணி நேரம் தாங்கும். குளிர்ச்சியாய் வைத்தால் 24 மணி நேரம் வரை தாங்கும். மணிக்கட்டுக்கு மேல் துண்டானால் அதில் தசை இருக்கிறது. தசை இரத்தம் இல்லாமல் சுமார் 6 மணி நேரத்துக்கு மேல் உயிரோடிராது. குளிர்ச்சியில் வைத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் கிடைக்கும்.

குளிர்ச்சியில் வைப்பது எப்படி என்பதில்தான் தவறு நடக்கிறது. விரலை அப்படியே ஐஸ் கட்டிக்குள் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அது உறைந்து செத்துவிடுகிறது. சிலர் ஸ்பிரிட்டில் போடுகிறார்கள், சிலர் பாலில். செய்ய வேண்டியது எளிது. துண்டான பாகத்தைச் சுத்தமான தண்ணீரில் மெதுவாய் அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயைத் தண்ணீர் புகாதபடி கட்டவும். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைக்கவும். ஐஸ் சதையைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். தோலில் தொங்கிக்கொண்டிருக்கிற விரலை வெட்டி எடுத்துவிடாதீர்கள். ஒரு சின்ன இணைப்பின் வழியாக இரத்தம் போய்க்கொண்டிருக்கலாம்.

காயத்தின் மேல் மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். காப்பி மலையில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! காயத்தில் அப்பிய தூளைக் கழுவி எடுப்பதற்கே அறுவை அறையில் நேரம் போகிறது. கிருமியும் அதோடு உள்ளே போகிறது. சுத்தமான துணியை மடித்து வைத்து, கையை இருதயத்துக்கு மேலே தூக்கி, விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான இரத்தப்போக்கு நிற்கும். கயிறு இறுக்கிக் கட்டுவது உயிருக்கே ஆபத்தான இரத்தப்போக்குக்கு மட்டும். மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிட வேண்டும். மயக்கம் தெளியட்டும் என்று காப்பியோ சோடாவோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். கை இயந்திரத்துக்குள்ளே மாட்டியிருந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், பிடித்து இழுக்காதீர்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. கூப்பிடும்போதே விரல் துண்டாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டால், அதை இணைக்கக்கூடிய இடத்தைக் குறித்து அவர்கள் யோசிக்க ஏதுவாகும்.

துண்டான கையை ஒட்டவைக்க முடியும் என்பதே உலகத்துக்குப் புதிய செய்திதான். 1962இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 12 வயதுப் பையனின் புயம் முதன்முதலாக வெற்றியோடு இணைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சீனாவின் ஷாங்காய் நகரில் இயந்திரத்தில் கை துண்டான ஓர் ஆலைத் தொழிலாளிக்கு டாக்டர் சென் சோங்வெய் குழுவினர் கையை இணைத்தார்கள். 1965இல் ஜப்பானின் நாரா நகரில் ஒரு தொழிலாளியின் கட்டைவிரல் இணைக்கப்பட்டது. உருப்பெருக்கியின் உதவியோடு ஒரு மில்லிமீட்டர் அளவேயான இரத்தக்குழாய்களைத் தைத்துச் செய்த வேலை அது. நம் மாநிலத்தில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டியெழுப்பிய கை அறுவை நிலையமும், கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜ சபாபதி 1991 முதல் வளர்த்த கை அறுவைப் பிரிவும் இந்த வேலையில் பேர் பெற்றவை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா விரலையும் ஒட்டவைப்பது நல்லதல்ல. கூரிய கத்தியில் அறுபட்ட விரல் வேறு, உருளையில் நசுங்கிப் பிய்ந்த விரல் வேறு. ஒரே ஒரு விரல் நசுங்கியிருந்தால், நல்லபடியாய் மூடித் தைத்துவிடுவதே அவரைச் சீக்கிரம் வேலைக்கு அனுப்பும். விறைத்து நீட்டிக்கொண்டிருக்கும் விரல் மற்ற விரல்களுக்கும் தடையாகும். ஆனால் கட்டைவிரலானாலும், பல விரல்களானாலும், காயப்பட்டது குழந்தையானாலும் மருத்துவர்கள் கடைசிவரை முயலுவார்கள்.

தையல் பிரித்த பிறகு

இப்பொழுது ஒரு வாலிபனை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வயது. மலைக் கிராமத்தவன். சேலத்தில் ஓர் ஆலையில் வலது உள்ளங்கையில் இரண்டு விரல்களின் தசைநாண்கள் அறுந்தன. நல்ல அறுவை நடந்தது. இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார்கள். காயம் ஆறிவிட்டது. "ஆறிவிட்டது" என்கிற இந்த வார்த்தையே அவனுக்குச் சத்துரு.

சரீரம் காயத்தை ஆற்றும்போது எதை எதோடு சேர்ப்பது என்று பகுத்தறிவதில்லை. அறுந்த நாணை ஒட்டுகிற அதே தழும்பு, நாணைச் சுற்றியுள்ள உறையோடும் எலும்போடும் சேர்த்து ஒட்டிவிடும். நாண் வழுக்கி ஓடினால்தான் விரல் மடங்கும். ஆகவே முதல் வாரங்களிலிருந்தே, சிம்பு கட்டிய நிலையிலேயே, அளவோடு விரலை அசைக்க வேண்டும், அதுவும் நாளில் பல தரம். கொஞ்சம் அதிகமாய் இழுத்தால் தைத்த நாண் அறுந்துபோகும். அசைக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வழி குறுகலானது. பாரமான வேலைக்குத் திரும்ப ஏறக்குறைய 12 வாரங்கள் ஆகும். அதுவரை வழிநடத்த ஒரு பயிற்சியாளர் வேண்டும்.

நரம்பு அறுந்திருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். தைத்த நரம்பு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை எட்டுவதற்கு ஆறு மாதத்துக்குக் குறையாது. அதுவரைக்கும் விரலில் உணர்ச்சி இராது. அடுப்பில் சுட்டாலும் தெரியாது. பிறகு உணர்ச்சி திரும்பும்போது அது சுகமாய்த் திரும்புவதில்லை. மின்சாரம் பாய்வதுபோலக் கூசும். துணி பட்டாலும் கையை இழுத்துக்கொள்வார்கள். அதற்கு வைத்தியம் பஞ்சினாலும், பிறகு துணியினாலும் தடவுவது, அரிசியிலும் மணலிலும் கையைப் புதைத்து அளைவது. மாவு பிசைவது, துணிக்கொடியில் கிளிப் மாட்டுவது எல்லாம் பயிற்சிதான். பார்க்கிறவர்களுக்குச் சிறுபிள்ளை விளையாட்டுப்போலத் தோன்றும். இதற்காகவா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வருவது என்று வீட்டார் கேட்பார்கள். கேட்பது நியாயமாகவும் இருக்கிறது, ஏனென்றால் கூலியே இல்லாத வீடு அது. வாலிபன் இரண்டு தரம் வருவான், மூன்றாம் தரம் வரமாட்டான். விரல்கள் மடங்கிய இடத்திலே விறைத்துப்போகும். அறுவை அறையில் பல மணி நேரம் உருப்பெருக்கியின் கீழே நடந்த வேலை, பஸ் காசு இல்லாததினால் வீணாய்ப் போகிறது.

மலைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. இணைக்கப்பட்ட விரலும் நரம்பு அறுந்த விரலும் குளிரைத் தாங்குவதில்லை. வெளுத்து, நீலம் பாய்ந்து, எலும்புக்குள் ஊசி குத்துவதுபோல வலிக்கும். பலருக்கு இது ஆண்டுக்கணக்கில் இருக்கும். கீழே சேலத்தில் இருக்கிறவருக்கு அது சிறு தொந்தரவு. மார்கழி விடியற்காலையில் ஏற்காட்டில் பனி நனைந்த காப்பிச் செடியில் பழம் பறிக்கிறவருக்கு அது வேலையையே பறிக்கிற காரியம். வேலைக்காலமும் குளிர்காலமும் ஒன்றாய் வருகிற ஊர் இது. ஒரு ஜோடி கம்பளிக் கையுறைக்கு இங்கே எவ்வளவு மதிப்பு என்பது இதிலிருந்து விளங்கும்.

சரீரத்தில் காணப்படாத காயங்களும் உண்டு. இல்லாத விரல் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் வீட்டில் நம்புவதில்லை. அது உண்மையான வலி, அதற்கு மருத்துவமும் இருக்கிறது. இயந்திரச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும், இரவில் திடுக்கிட்டு விழிப்பார்கள். கையைச் சட்டைப் பைக்குள்ளோ துண்டுக்குக் கீழேயோ வைத்துக்கொள்ளப் பழகுவார்கள். பெண் பார்க்கப் போகும் இடத்தில் முதலில் அது கேள்வியாகும். இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் மரியாதையல்ல என்று வளர்ந்த ஜனம் நாம். வலது கையை இழந்தவர் நற்கருணைக்கு முன்னே வரத் தயங்கிக் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டால், போதகரும் சபையாரும் அவர் பின்வாங்கிப்போனார் என்று நினைக்கிறார்கள். இதை நாம் விசாரிக்க வேண்டும். ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கச் சொன்னால் அங்கேயும் ஒரு சங்கடம். விரல் இல்லாதவர்கள் கருவிழிப் பதிவினால் ஆதாரை உறுதிப்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது.

நம் மலைக்குத் தெற்கே இருக்கிற கொல்லிமலையில் 1914இல் ஒரு மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். மருத்துவராகுமுன்பு தச்சும் கட்டட வேலையும் கற்றவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குஷ்டரோகத்தினால் மடங்கிப்போன விரல்களை, தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு வீடு திரும்பினவர்களில் சிலர் துக்கத்தோடு திரும்பி வந்தார்கள். முன்பு கைகளைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் இப்போது போடுவதில்லை, வேலையோ ஒருவரும் கொடுப்பதில்லை என்றார்கள். கையைச் சரிசெய்தால் போதாது, அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று கண்ட பிராண்ட், வேலூரில் நவஜீவன நிலையத்தைத் தொடங்கினார். குடிசைகளும் தச்சுப்பட்டறையுமாக அது ஒரு சிறு கிராமம்போல இருந்தது. அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை அறுவைகளைச் செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்து 1966இல் மறுவாழ்வு நிலையம் ஏற்பட வழிசெய்தார். ஆலை விபத்துகளுக்கும் குஷ்டரோகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கையைப் பற்றி அங்கே கற்றுக்கொண்ட பாடங்கள்தான் இங்கேயும் உதவுகின்றன.

ஜெப ஆலயத்தில் சூம்பின கையுள்ள மனுஷனை நாம் அறிவோம். அது வலது கை என்பதை வைத்தியனாகிய லூக்கா மாத்திரமே குறிப்பிடுகிறார். பழங்கால வேத அறிஞர் ஜெரோம் தம்முடைய மத்தேயு விளக்கவுரையில், அந்த மனுஷன் கொத்தனார் என்றும், வெட்கத்தோடு பிச்சையெடுக்க நேராதபடி சுகம் தரவேண்டும் என்று கேட்டான் என்றும் ஒரு பழைய சுவிசேஷ நூலில் இருப்பதாக எழுதியிருக்கிறார். அது வேதாகமத்தில் இல்லாத செய்திதான். ஆனாலும் அவன் கேட்டது கை அல்ல, வேலை என்று அதை எழுதினவர் விளங்கியிருந்தார்.

காகிதத்தில் போகிற கை

விபத்து நடந்த இரவில் மருத்துவமனைப் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்பது மிக முக்கியம். "வீட்டில் கதவில் நசுங்கியது" என்று கூட வந்தவர் சொல்ல, வலியில் இருப்பவர் தலையாட்ட, அப்படியே எழுதப்பட்டுவிட்டால் பிறகு நஷ்டஈடு கேட்கும்போது அந்த ஒரு வரி எதிராளியின் சாட்சியாகிவிடும். எந்த இயந்திரம், எந்த இடம், எத்தனை மணி என்று உள்ளபடியே பதியச் சொல்லுங்கள். அடுத்ததாக வருவது சமாதானக் காகிதம். கொஞ்சம் ரொக்கம், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு பத்திரம். எழுதத் தெரியாதவர் மிஞ்சியிருக்கிற கட்டைவிரலால் அதில் ரேகை வைக்கிறார்.

சட்டம் சொல்வது வேறு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு சதவீதம் வைத்தது. கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரல் அல்லது சுண்டுவிரல் 7, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. இது சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பின் கணக்கு. கட்டைவிரல் இல்லாத கையைக் கண்டவர்கள் 30 குறைவு என்றுதான் சொல்வார்கள். அது இருக்கட்டும். நாம் நினைத்த அந்த வாலிபன், விரல்களின் நாண் அல்ல, கட்டைவிரலையே இழந்திருந்தால்? வயது 25, மாதக் கூலி 10,000 ரூபாய் என்றால், கூலியில் 60 சதவீதமாகிய 6,000 ரூபாயை அந்த வயதுக்குரிய 216.91 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுக்க வேண்டும். வருவது 3,90,438 ரூபாய். சமாதானக் காகிதத்தில் எழுதியிருக்கும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது; காயத்துக்குச் சதவீதம் வைக்கும் முறை தொடருகிறது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்குகிற பத்திரம் செல்லாது. ஒப்பந்தக்காரர் அழைத்து வந்த ஆள் என்றாலும் ஆலை உரிமையாளர் தப்ப முடியாது. தொழிலாளியின் கவனக்குறைவு என்பது மட்டும் நஷ்டஈட்டை மறுக்கக் காரணமாகாது. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும். விண்ணப்பம் தொழிலாளர் துறையின் ஆணையரிடம் போகிறது. நீதிமன்றச் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இ.எஸ்.ஐ. உள்ள ஆலையானால் வழி வேறு. வேலை செய்ய முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதமும், நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுவதும் மாதத் தொகையும் கிடைக்கும். ஆனால் காப்பி பதப்படுத்துவது போன்ற பருவகால ஆலைகளை இ.எஸ்.ஐ. சட்டம் ஆதியிலிருந்தே விலக்கி வைத்தது; புதிய தொகுப்பிலும் பருவகாலத் தொழிற்சாலைக்கு விலக்கு இருக்கிறது. ஆகவே கீழே சேலத்தில் விரல் போனவருக்கும், மேலே பல்பரில் விரல் போனவருக்கும் ஒரே காயம், இரண்டு வழி. பல்பரில் காயப்பட்டவர் நஷ்டஈட்டுக் கணக்கின் வழியேதான் போக வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இரண்டு ஆண்டு ஓடிவிடுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்

அறுவைக் கருவி வாங்கக் காணிக்கை கேட்டால் நம் சபைகள் தாராளமாய்க் கொடுக்கின்றன. கருவியின் மேல் பெயர் எழுதலாம், படம் எடுக்கலாம். பன்னிரண்டு வாரத்துப் பஸ் கட்டணத்துக்கும், பயிற்சிக்கு வருகிற நாளில் வீட்டில் அடுப்பெரிய ஒரு படி அரிசிக்கும் அப்படிப் பெயர் எழுத முடியாது. ஆனால் மேலே சொன்ன காரணங்களால், அறுவைக்காகச் செலவழித்தது வீணாகாமல் காப்பது இந்தச் சிறு பணமே. அறுவைக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு பல குடும்பங்களுக்கு உதவுகிறது. பஸ்ஸுக்கு அது உதவாது. உங்கள் காணிக்கையை அனுப்பும்போது "கைப் பயிற்சிப் பிரயாணத்துக்கு" என்று குறித்து அனுப்பலாம்.

உங்கள் சபையில் வழக்கறிஞரோ, ஓய்வுபெற்ற தொழிலாளர் துறை ஊழியரோ இருந்தால், காயப்பட்ட ஒரு குடும்பத்தோடு ஆணையர் அலுவலகத்துக்கு ஒருநாள் போய்வரச் சொல்லுங்கள். தோட்டமோ ஆலையோ வைத்திருக்கிற அன்பர்களும் இந்தப் பக்கத்தை வாசிப்பீர்கள். இந்தப் பழக்காலம் தொடங்குமுன் ஒருநாள் பல்பர் கொட்டகைக்குப் போய், மூலையில் கிடக்கிற தடுப்பை எடுத்து மாட்டச் சொல்லுங்கள். நிறுத்தும் ஸ்விட்ச், இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவருடைய கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று நின்று பாருங்கள். அடைப்பு எடுக்க ஒரு மரக்குச்சியை அங்கேயே கட்டித் தொங்கவிடுங்கள். ஐஸ் எங்கே கிடைக்கும் என்பதை மேஸ்திரி அறிந்திருக்கட்டும். கொட்டகைச் சுவரில் ஓர் ஆணியில் சுத்தமான துணியும் இரண்டு பிளாஸ்டிக் பையும் மாட்டி, பக்கத்தில் 108 என்று பெரிதாய் எழுதி வையுங்கள்.